ஓசூருக்கு வந்த மிளகு நத்தைகள்

மீன் வேனின் முன்கதவு திறந்ததும் முதலில் வெளியே நீண்டது ஒரு மாவுக்கட்டு. அதற்குப் பின்னால் என் தங்கை ரத்னா.

ஓசூர் மீன் மார்க்கெட் வாசல். தை மாதத்துப் பனி இன்னும் விலகவில்லை. ஐஸ் பெட்டிகளை இறக்குகிறவர்களின் வாயிலிருந்து பீடி பிடிக்காமலேயே புகை வந்துகொண்டிருந்தது. நான் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வேனை நோக்கி ஓடினேன். அவளைத் தாங்கி இறக்க இரண்டு கைகளையும் நீட்டினேன். அவள் அந்தக் கைகளில் ஒரு பெயிண்ட் பக்கெட்டை வைத்தாள்.

"என்ன அப்பறம் புடிக்கலாம். மொதல்ல இத புடி. ஆட்டாத."

பக்கெட் நல்ல கனம். மூடியில் ஆணியால் குத்திய ஓட்டைகள். அவற்றின் வழியே வந்தது மீன் வாடை இல்லை. மழையில் நனைந்த சுவரையும் உப்பையும் சேர்த்து முகர்ந்தால் எப்படியிருக்குமோ அப்படி ஒரு வாடை.

வேனை ஓட்டி வந்த அந்தோணி அண்ணன் சிரித்தார். ராமநாதபுரம் பக்கம் ரத்னா ஆராய்ச்சி செய்கிற கடலோர ஊர்தான் அவருக்கும். வாரம் ஒரு முறை ஓசூர், பெங்களூர் மார்க்கெட்டுகளுக்கு மீன் கொண்டு வருகிறவர். பாறையில் வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டவளை அவளுடைய பேராசிரியர் பஸ்ஸில்தான் அனுப்பப் பார்த்திருக்கிறார். கல்லும் தண்ணீருமாக இருந்த பக்கெட்டை ஏற்ற கண்டக்டர் ஒப்புக்கொள்ளவில்லை. பக்கெட் இல்லாமல் நகர ரத்னா ஒப்புக்கொள்ளவில்லை. கடைசியில் அந்தோணி அண்ணனின் மனைவி அவளுடைய காலைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, ஓசூர் வரைக்கும் கூடவே வந்துவிட்டார்.

"வழி நெடுக உங்க தங்கச்சி கால பத்தி ஒரு வார்த்த கேக்கல. வண்டி பள்ளத்துல எறங்குனா பக்கெட்டத்தான் பாக்குது" என்றார் அந்த அக்கா.

மிளகு அளவு உயிர்

பேரண்டப்பள்ளிக்கு இந்தப் பக்கம், நெடுஞ்சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே, அப்போது நாங்கள் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். கீழ்ப் பகுதி எங்களுக்கு, மேலே வீட்டுக்கார ராஜம்மா. இந்தத் தொடரைப் புதிதாகப் படிப்பவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். சூளகிரிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் தலைமுறையாகக் கூலிக்குப் போன குடும்பம் எங்களுடையது. அப்பா கிரானைட் குவாரிகளில் கல் உடைத்தவர். அம்மா ரோஜாத் தோட்டத்துப் பசுமைக்குடிலில் பூ வெட்டப் போகிறவர். நான் ஐ.டி.ஐ. படித்துவிட்டு ஒரு வண்டி உதிரிபாகக் கம்பெனியில் மெயின்டனன்ஸில் சேர்ந்தவள். ரத்னா எனக்கு ஆறு வயது இளையவள்.

அன்று காலை கூடத்தில் வைத்துப் பக்கெட்டைத் திறந்தோம். உள்ளே ஈரமான இரண்டு கற்கள், கொஞ்சம் கடல் தண்ணீர். கல்லின் பள்ளங்களில் கறுப்பாக, வரிசையாக ஏதோ ஒட்டியிருந்தது. அம்மா குனிந்து பார்த்தார்.

"மெளகு கொட்டி வச்ச மாதிரி இருக்குது."

அன்றிலிருந்து அதற்கு மிளகு நத்தை என்று எங்கள் வீட்டில் பெயர். ரத்னா தன் படிப்பில் அதற்கு நீளமான வேறு பெயர் சொல்வாள். அந்தக் கடலோர ஊரில் அதற்குத் தனிப் பெயரே கிடையாதாம். சாப்பிடவும் ஆகாது, விற்கவும் ஆகாது. பெயர் வைக்க யாருக்கும் அவசியம் வரவில்லை.

கையில் எடுத்துப் பார்த்தேன். சாம்பல் கலந்த கறுப்பு ஓடு. சுழல் சுழலாக மேலே போய் முடிகிற இடத்தில் ஊசி முனை போல் ஒரு கூர். வாயை ஒரு சின்ன மூடியால் அடைத்துக்கொண்டிருந்தது. உயிர் இருக்கிறதா என்றுகூடத் தெரியவில்லை.

"இது கடலுக்குள்ள இருக்காதுக்கா" என்றாள் ரத்னா. "அல முழுசா மூடற எடத்துல இருக்காது. அலயே வராத எடத்துலயும் இருக்காது. அல ஒடஞ்சி தண்ணி எதுவரைக்கும் தெறிக்குதோ, அந்தப் பாறையில இருக்கும்."

அந்தப் பாறை வெயிலில் கால் வைக்க முடியாமல் காயும். அப்போது இந்த நத்தை கதவைச் சாத்திக்கொண்டு, ஓட்டின் விளிம்பைக் கோந்து போன்ற ஒரு நூலால் பாறையில் ஒட்டிக்கொண்டு, கிடந்தது கிடந்தபடி கிடக்கும். சாரல் பட்டால் கதவைத் திறக்கும். பாறைமேல் கண்ணுக்குத் தெரியாத அளவில் படிந்திருக்கும் பாசியை நக்கித் தின்னும். காய்ந்தால் மறுபடி சாத்திக்கொள்ளும்.

அம்மா நம்பவில்லை. "கடலு பக்கத்துலயே இருந்துக்கினு கடல்ல எறங்காதா?"

"தண்ணிக்குள்ள போட்டா மேல ஏறி வந்துரும்மா."

உண்மைதான். பக்கெட்டில் தண்ணீருக்குள் இருந்தவை எல்லாம் பயணத்தின்போதே மூடியின் உட்புறம் வரைக்கும் ஏறி வந்திருந்தன.

ஓரத்தைப் பார்த்தவள்

கடலுக்கும் எங்களுக்கும் என்ன உறவு என்று யாரும் கேட்கலாம். எங்கள் ஊரில் கேட்டார்கள். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் கடல் பக்கம் போவதென்றால் ஒரு முழுப் பகல் பஸ் பயணம். அப்பா தன் அறுபது வயது வரைக்கும் கடலைப் பார்த்ததில்லை.

ரத்னா கல்லூரியில் விலங்கியல் எடுத்ததே வேறு பாடத்தில் இடம் கிடைக்காததால்தான். அங்கே அலமாரியில் பாட்டில்களில் போட்டு வைத்திருந்த உயிர்களைப் பார்த்து அவளுக்கு முதலில் குமட்டல் வந்தது. இரண்டாம் வருடம் கடற்கரைக்குக் கூட்டிப்போனார்கள். எல்லாப் பிள்ளைகளும் அலையில் இறங்கிக் கும்மாளம் போட, இவள் மட்டும் பாறையில் குப்புறப் படுத்துக்கொண்டு பள்ளங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாளாம். அன்று சாயங்காலம் எனக்குப் போன் செய்தாள்.

"அக்கா, கடலு பெருசு, பெருசுன்னே எல்லாரும் சொல்றாங்க. யாரும் ஓரத்த பாக்க மாட்டேங்கறாங்க."

அந்தப் பெண்தான் பிறகு மேற்படிப்பு, ஆராய்ச்சி என்று அந்தக் கரையிலேயே தங்கிவிட்டாள். ஊரில் விசாரிப்பவர்களிடம் அப்பா "கடல் நத்தய பத்தி படிக்குது" என்பார். கேட்டவர்கள் சிரிப்பார்கள். அதைப் படித்தால் கம்பெனியில் வேலை கொடுப்பார்களா என்பார்கள். அப்பா ஒரே பதிலைத்தான் வைத்திருந்தார். "அது யாரும் படிக்காததாம். அதனால எம்பொண்ணு படிக்குது."

அவள் படித்தது என்ன என்று எனக்கே அந்த மாவுக்கட்டு நாட்களில்தான் முழுதாகப் புரிந்தது. அந்தக் கரையில் எல்லா இடத்திலும் இருக்கிற ஒரு நத்தையைப் போலவேதான் இதுவும் இருக்கும். அதனால் இரண்டும் ஒன்றென்றே எழுதி வைத்திருக்கிறார்கள். ரத்னாவுக்குச் சந்தேகம். ஓட்டைப் பார்த்து முடிவு சொல்ல முடியாது, முட்டையைப் பார்த்தால்தான் தெரியும் என்றாள். இந்த நத்தைகள் முட்டையைப் பாறையில் வைக்காது. ஒவ்வொரு முட்டையையும் கண்ணாடி போன்ற ஒரு சின்ன உறைக்குள் வைத்து, அலை வரும்போது தண்ணீரில் விட்டுவிடும். கடல் கொண்டுபோய்விடும். அங்கே போய் எந்த முட்டை எந்த நத்தையுடையது என்று தேட முடியாது. கண்ணெதிரே இட வைத்துப் பார்க்க வேண்டும். அதற்காகத்தான் அவற்றை வளர்த்துக்கொண்டிருந்தாள்.

இன்னொன்றும் இருந்தது. அவை வாழ்ந்த அந்த ஒரு திட்டுப் பாறையை ஒட்டிப் படகுகள் நிற்க மேடை கட்டப் போகிறார்கள். பாறை மேடைக்கு அடியில் போகும். பிறகு போய் வேறு பிடித்துக்கொள்ளலாம் என்று இருக்க முடியாது.

கால் முறிந்ததும் பேராசிரியர், நத்தைகளைக் கடலில் விட்டுவிட்டு ஊருக்குப் போய் உடம்பைத் தேற்றிக்கொள், வேறு தலைப்பு பார்க்கலாம் என்றிருக்கிறார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். கூடப் படித்தவர்களுக்கு அவரவர் வேலை. இவள் பக்கெட்டோடு வந்துவிட்டாள்.

அப்பா வெட்டிய கல்

வீட்டுக்கும் காம்பவுண்டு சுவருக்கும் நடுவில் துணி துவைக்கிற ஒரு சந்து இருந்தது. மேலே தகர ஷீட். அங்கே ஒரு பெரிய பிளாஸ்டிக் தொட்டியை வைத்தோம். பக்கத்தில் ரத்னாவுக்கு ஒரு நாற்காலி, காலை நீட்ட ஒரு முக்காலி.

கொண்டுவந்த இரண்டு கற்கள் போதவில்லை. அப்பா அப்போது ஒரு கல் பாலிஷ் பட்டறையில் வாட்ச்மேனாக இருந்தார். அங்கே மிஞ்சிய பளபளப்பான துண்டுகளைக் கொண்டுவந்து அடுக்கினார். முகம் பார்க்கலாம் போலக் கறுப்புக் கல். நத்தைகள் அதில் ஏறவேயில்லை.

"பிடிப்பு இல்லப்பா. அதுக்கு ஒளிஞ்சிக்க எடமும் இல்ல" என்றாள் ரத்னா.

அப்பா பரணிலிருந்து தன் உளியையும் சுத்தியலையும் இறக்கினார். குவாரியை விட்டு வந்த பிறகு அவற்றை அவர் தொட்டதில்லை. பட்டறை ஓரத்தில் கிடந்த பாலிஷ் போடாத சொரசொரப்பான கற்களைப் பொறுக்கிவந்தார். எவ்வளவு அகலத்தில் வெடிப்பு வேண்டும் என்று கேட்டார். ரத்னா தன் சுண்டுவிரல் நகத்தைக் காட்டினாள். அப்பா அந்த நகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். ஆள் உயரப் பாறைகளைப் பிளந்தவருக்கு நகக்கண் அளவு வெடிப்பு எடுப்பதுதான் கஷ்டமாக இருந்தது. இரண்டு மூன்று கல் உடைந்து போயின. அப்புறம் பிடிபட்டது.

அந்தக் கற்களைக் கடல் தண்ணீரில் நனைத்து நனைத்து மொட்டை மாடி வெயிலில் போட்டு வைத்தோம். மாடி ஏறி இறங்குகிற வேலை அப்பாவுடையது. சில வாரங்களில் கல்லின்மேல் பழுப்பாக ஒரு படலம் படிந்தது. தொட்டால் வழுக்கியது. அதைத் தொட்டிக்குள் வைத்த மறுநாள் மிளகு நத்தைகள் வெடிப்புக்குள் வரிசை கட்டி உட்கார்ந்திருந்தன. அப்பா ஆள் கிடைத்தால் போதும், சந்துக்குள் அழைத்துப்போய்க் காட்டினார். பால்காரர், கேஸ் சிலிண்டர் போடுகிறவர், எல்லாரும் பார்த்துவிட்டார்கள்.

கேனில் வந்த கடல்

எங்கள் தெருவில் குடிக்கிற தண்ணீரே டேங்கரில் வந்துகொண்டிருந்த காலம். அதில் நாங்கள் கடல் தண்ணீருக்கு ஏற்பாடு செய்தோம்.

அந்தோணி அண்ணன் வாரா வாரம் மீன் பெட்டிகளுக்கு நடுவில் இரண்டு வெள்ளைக் கேன்களில் கடல் தண்ணீர் கொண்டுவந்தார். நான் ஷிப்டு முடிந்து மார்க்கெட்டுக்குப் போய் ஸ்கூட்டியின் முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றுமாகக் கட்டி எடுத்துவருவேன். டீக்குக்கூடக் காசு கொடுக்க விடமாட்டார். அவர் பிறந்த ஊர்ப் பாறையில் உள்ள உயிருக்கு எங்கள் ஊரில் இவ்வளவு மரியாதை நடக்கிறதே என்று அவருக்கு ஒரு சந்தோஷம்.

ராஜம்மாவைத்தான் சமாளிக்க வேண்டியிருந்தது. ஒருநாள் மேலிருந்து இறங்கி வந்து சந்து வாசலில் நின்று மூக்கைச் சுளித்தார். "ஏனம்மா இது?" என்று கன்னடத்தில் ஆரம்பித்தவர், "உப்புத் தண்ணி செவுத்த தின்னுடும். இத எடுத்துடுங்க" என்று தமிழில் முடித்தார். ரத்னா கன்னடத்திலேயே பதில் சொன்னாள். சுவரில் பிளாஸ்டிக் ஷீட் அடித்துவிடுகிறோம், கொஞ்ச நாள் பொறுத்துக்கொள்ளுங்கள் என்றாள். பிறகு கையில் ஒரு லென்ஸைக் கொடுத்துக் கல்லைப் பார்க்கச் சொன்னாள். ராஜம்மா பார்த்தார். ஒரு நத்தை இரண்டு சின்னக் கொம்புகளை நீட்டி நடந்துகொண்டிருந்தது. லென்ஸை அவர் உடனே திருப்பித் தரவில்லை. அதன்பிறகு சுவரைப் பற்றி அவர் பேசவில்லை என்று சொல்ல மாட்டேன். பேசினார், ஆனால் தினமும் இறங்கி வந்து பார்த்துவிட்டுப் பேசினார்.

சாரலுக்கு என்ன செய்வது? அம்மா தான் வேலை செய்யும் பசுமைக்குடிலில் பனி போல் தண்ணீர் தூவும் முனைகளில் பழையதைக் கேட்டு வாங்கிவந்தார். அழகாகத் தூவியது. ஒரே வாரத்தில் உப்பு அடைத்து நின்றுவிட்டது. அம்மாவுக்கு ரொம்ப வருத்தம். அடுத்து நான் இறங்கினேன். பழைய கூலர் பம்பு ஒன்றும், ஓட்டை போட்ட ஒரு பிளாஸ்டிக் குழாயும், நேரம் வைத்தால் தானாக ஓடி நிற்கும் ஒரு டைமரும் சேர்த்து ஒன்று செய்தேன். காலையும் மாலையும் கல்லின்மேல் தண்ணீர் மென்மையாகச் சொட்டும். நத்தைகள் கதவைத் திறந்து, தின்று, வளர்ந்தன. ஒன்றுகூடச் சாகவில்லை.

ஆனால் முட்டை இடவில்லை.

சித்திரையில் வந்த போன்

ரத்னா தினமும் தொட்டித் தண்ணீரை மெல்லிய துணியில் வடிகட்டி லென்ஸில் பார்ப்பாள். ஒன்றும் இருக்காது. மாசி போனது, பங்குனி போனது. மாவுக்கட்டைப் பிரித்தார்கள். கைத்தடியோடு நடக்க ஆரம்பித்தாள். அமாவாசைக்குப் பார்த்தாள், பௌர்ணமிக்குப் பார்த்தாள். கடலில் அந்த நாட்களில் அலை உயர ஏறும், அப்போது இடும் என்று அவளுக்கு நம்பிக்கை. எங்கள் சந்தில் அமாவாசை வந்து போனதை நத்தைகள் கவனித்ததாகத் தெரியவில்லை.

சித்திரையில் ஒருநாள் பேராசிரியர் பேசினார். ரத்னா போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு நெடுநேரம் சந்திலேயே உட்கார்ந்திருந்தாள். நான் கேட்கக் கேட்க ஒவ்வொன்றாகச் சொன்னாள். உதவித்தொகை ஆனியோடு முடிகிறது. நீட்டிக்க வழியில்லை. மேடைக்குக் கற்கள் வந்து இறங்கிவிட்டன. முட்டை கிடைக்காவிட்டால் இந்தத் தலைப்பை விட்டுவிட்டு, இருப்பதை வைத்துச் சின்னதாக எழுதி முடித்துவிடச் சொல்கிறார்.

"முடிச்சா என்னாடி? பட்டம் கெடைக்கும் இல்ல?" என்றேன்.

"கெடைக்கும். ரெண்டும் ஒண்ணுதான்னு நானும் எழுதிட்டு வரணும்" என்றாள். "இல்லன்னு எனக்கு தெரியுது. காட்டத்தான் முடியல."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சமாதானம் சொல்லத் தெரியும்.

கரண்ட் போன நாட்கள்

அந்த வாரத்திலேயே கோடை மழை அடித்தது. ஓசூர்க் கோடை மழையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மழையைவிடக் காற்றுதான் அதிகம். எங்கள் தெரு முனைப் புளியமரம் டிரான்ஸ்பார்மர் மேல் சாய்ந்தது. கரண்ட் போய்விட்டது. இன்று வரும், நாளை வரும் என்று சில நாட்கள் ஓடின.

பம்பு நின்றுவிட்டது. கையால் தண்ணீர் தெளிக்கலாம் என்றால், மழையில் பாதை கெட்டு அந்த வாரம் அந்தோணி அண்ணன் வரவில்லை. தொட்டியில் இருந்த தண்ணீரைச் சுத்தமாக வைத்திருக்க வேண்டும், வீணாக்கக் கூடாது என்று ரத்னா தொடவிடவில்லை. கற்கள் காய்ந்தன. மழைக்குப் பிறகு வெயில் இன்னும் சுட்டது. தகர ஷீட்டுக்குக் கீழே அடுப்பு மாதிரி இருந்தது. நத்தைகள் எல்லாம் கதவைச் சாத்திக்கொண்டு கல்லோடு கல்லாக ஆகிவிட்டன. அப்பா ஒவ்வொரு வெடிப்பாகக் குனிந்து பார்த்துவிட்டு வேலைக்குப் போவார்.

கரண்ட் வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. நாங்கள் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். சந்திலிருந்து படார் என்று ஒரு சத்தம். ஓடிப் போய்ப் பார்த்தால் குழாய் கழன்றுகொண்டு, பம்பு முழு வேகத்தில் தண்ணீரைக் கல்லின்மேல் வாரி அடித்துக்கொண்டிருந்தது. சுவரெல்லாம் தண்ணீர். ராஜம்மாவுக்காகச் சுவரில் அடித்த பிளாஸ்டிக் ஷீட் பிய்ந்து தொங்கியது. நான் சுவிட்சை நோக்கி ஓடினேன்.

"அக்கா, நிறுத்தாத" என்றாள் ரத்னா.

காய்ந்து கிடந்த கல்லில் தண்ணீர் மோதி உடைந்து எங்கள் முகத்தில் தெறித்தது. உதட்டில் உப்புக் கரித்தது. சிறிது நேரத்தில் நத்தைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கதவைத் திறந்தன. அதற்குமுன் அவை அப்படி நடந்து நான் பார்த்ததில்லை. கல்லின் உச்சியிலிருந்து தண்ணீர் மோதுகிற இடத்தை நோக்கி இறங்கின. அதுவரைக்கும் நாங்கள் அவற்றுக்குக் கொடுத்ததெல்லாம் வேளாவேளைக்கு நல்ல சொட்டு நீர். காய்வதும் இல்லை, அடிபடுவதும் இல்லை. சொந்தப் பாறையில் அவை நாட்கணக்கில் காயும், பிறகு ஒருநாள் பெரிய அலை வந்து அறையும். நாங்கள் அவற்றை மிகவும் வசதியாக வைத்திருந்திருக்கிறோம்.

மதியம் ரத்னா தண்ணீரை வடிகட்டினாள். துணியை வெயில் பக்கம் திருப்பி லென்ஸை வைத்தாள். பார்த்தாள். இன்னொரு முறை பார்த்தாள். பிறகு லென்ஸை என்னிடம் நீட்டினாள். துணியின் இழைகளுக்கு நடுவில் தூசியைவிடச் சின்னதாக, கண்ணாடிப் பொட்டு போல, நிறைய இருந்தன.

குவாலிட்டி ரூம் திரையில்

லென்ஸில் அதற்குமேல் தெரியாது. நல்ல மைக்ராஸ்கோப் வேண்டும். ராமநாதபுரம் வரைக்கும் சூட்டில் ஆட்டிக்கொண்டு போனால் முட்டைகள் கெட்டுவிடும் என்றாள் ரத்னா.

எங்கள் கம்பெனி குவாலிட்டி ரூமில் ஒரு மைக்ராஸ்கோப் இருக்கிறது. முடி அளவு துளைகளில் பிசிறு இருக்கிறதா என்று பெரிய திரையில் பார்ப்பதற்கானது. அந்த அறையைப் பார்த்துக்கொள்ளும் சௌமியா மேடத்துக்குப் போன் செய்தேன். வெளிப் பொருளை உள்ளே விட மாட்டார்கள், வெளி ஆளையும் விட மாட்டார்கள். மேடம் மேனேஜரிடம் பேசினார். மறுநாள் சாப்பாட்டு இடைவேளையில் வரச் சொன்னார்கள்.

ரத்னா விசிட்டர் அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, கைத்தடியை ஊன்றி, ஒரு மருந்துக் குப்பியைப் பிடித்தபடி எங்கள் மெஷின் ஷாப் நடுவில் நடந்து வந்ததை நான் மறக்க மாட்டேன். மெஷினில் இருந்தவர்கள் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். என் தங்கை என்று சொல்லிக்கொண்டே வந்தேன். யாரும் கேட்கவில்லை, நானாகவே சொன்னேன்.

ஒரு சொட்டுத் தண்ணீரைக் கண்ணாடியில் விட்டு, சௌமியா மேடம் குமிழைத் திருப்பினார். திரையில் முதலில் மங்கலாக ஒரு வெளிச்சம். பிறகு அது தெளிந்தது. தொப்பி போல ஒரு கண்ணாடி உறை. அகன்ற விளிம்பு, நடுவில் மேடு, மேட்டைச் சுற்றி ஒன்றின்மேல் ஒன்றாக வளையங்கள். உள்ளே ஒரு முட்டை.

மேடம் திரையில் இருக்கும் அளவுகோலை அதன்மேல் நகர்த்தினார். இன்னொரு உறையைக் கொண்டுவந்தார், அதையும் அளந்தார். பிறகு திரும்பி ரத்னாவைப் பார்த்தார்.

"டிராயிங் இல்ல, மெஷின் இல்ல. இவ்ளோ ரவுண்டா எப்படிம்மா வருது இது?"

ரத்னா அதைக் காதில் வாங்கவில்லை. வளையங்களை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். அந்தக் கரை முழுக்க இருக்கிற இன்னொரு நத்தையின் உறையில் ஒரே வளையம்தான் இருக்கும் என்று எனக்கு ஏற்கெனவே படம் போட்டுக் காட்டியிருந்தாள்.

"அக்கா" என்றாள் மெதுவாக. "இது வேற."

அவ்வளவுதான் சொன்னாள். நான் திரையைப் பார்க்க முடியாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். மேடம் கன்னடத்தில் ஏதோ சொல்லி அவள் தோளைத் தட்டினார். சாப்பாட்டு மணி முடிந்து ஆட்கள் திரும்பிப் போகும் வழியில் கண்ணாடிச் சுவருக்கு வெளியே கூடி நின்று பார்த்தார்கள். போச்சம்பள்ளியிலிருந்து வரும் ஒரு தம்பி, அக்கா இது எந்த பார்ட் என்று கேட்டான். கடல் நத்தை முட்டை என்றேன். எங்கே கிடைத்தது என்றான். எங்கள் வீட்டில் என்றேன். அன்று முழுவதும் என் கைக்கு எந்த ஸ்பேனரும் கனக்கவில்லை.

தேர்வு நாள்

அதன்பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. படங்களைப் பார்த்துவிட்டுப் பேராசிரியரே ஓசூருக்குக் கிளம்பி வந்தார். எங்கள் சந்தில் முக்காலியில் உட்கார்ந்து தொட்டியைப் பார்த்தார். அப்பாவின் வெடிப்புகளைத் தடவிப் பார்த்தார். நான்தான் விட்டுவிடச் சொன்னேன் என்று அப்பாவிடம் சொல்லிச் சிரித்தார். மரபணுச் சோதனைக்குச் சில நத்தைகளை வாங்கிப்போனார். அந்த முடிவும் ரத்னா சொன்னதையே சொன்னது.

அவளுடைய வாய்மொழித் தேர்வுக்கு நாங்கள் குடும்பத்தோடு போனோம். அம்மா பட்டுப்புடவை, அப்பா புது வேட்டி. ராஜம்மாகூட ஒரு டப்பா மைசூர்பாகு கொடுத்தனுப்பினார். கடைசி வரிசையில் உட்கார்ந்தோம். பாதி ஆங்கிலம், எங்களுக்குப் புரியவில்லை. முட்டைகளைக் கவனித்த இடம் என்று திரையில் வந்தபோது, தேர்வாளர் கண்ணாடியை இறக்கிக்கொண்டு, ஓசூர் என்று போட்டிருக்கிறதே, தவறாக அச்சாகிவிட்டதா என்று தமிழில் கேட்டார். அரங்கில் சிரிப்பு எழுந்தது.

"இல்லீங்க சார். ஓசூர்தான். எங்க வீடு" என்றாள் ரத்னா.

சிரிப்பு நின்றது. எப்படி என்று சொல்லுங்கள் என்றார் அவர். அவள் ஆரம்பத்திலிருந்து சொன்னாள். மீன் வேன், அப்பாவின் உளி, அம்மா கொண்டுவந்த முனை, கரண்ட் போனது எல்லாம். எங்கள் பெயர்களைச் சொன்னாள். அந்த மாதிரி ஓர் அரங்கில் அப்பாவின் பெயர் ஒலிபெருக்கியில் கேட்டது அதுதான் முதல் முறை. அவர் எழுந்து நிற்க வேண்டுமோ என்று நினைத்துப் பாதி எழுந்து, பிறகு உட்கார்ந்தார்.

திருப்பி விட்டோம்

தேர்வு முடிந்த மறுநாள் அந்தக் கடலோர ஊருக்குப் போனோம். நத்தைகளைத் திருப்பி விட வேண்டும்.

மேடை கட்டி முடிந்திருந்தது. ஆனால் அந்தத் திட்டுப் பாறை முழுதாகப் போகவில்லை. ரத்னா முட்டைப் படங்களை எடுத்துக்கொண்டு மீனவர்களிடம் பேசியிருந்தாள். அந்தோணி அண்ணன் கூட நின்றிருந்தார். அவர்கள் கேட்டுக்கொண்டதில் மேடையின் ஒரு மூலையைக் கொஞ்சம் தள்ளிப் போட்டார்கள். பாதிப் பாறை உள்ளே போய்விட்டது, பாதி வெளியே இருந்தது. அந்தப் பாதி போதும் என்றாள் அவள்.

அப்பா கடலைப் பார்த்ததும் அப்படியே நின்றார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பாறைக்கு இறங்கினார். கையால் தட்டிப் பார்த்தார். "இது சொத்தக் கல்லு. நம்ம ஊரு கல்லு மாதிரி இல்ல" என்றார். நத்தைகளுக்குப் பிடிக்குமோ என்று அவருக்குக் கவலை. பக்கெட்டை எங்கள் யாரிடமும் தரவில்லை. குனிந்து கடல் தண்ணீரை அள்ளிப் பாறையை நனைத்தார். ஒவ்வொரு நத்தையாக எடுத்து ஒரு வெடிப்பின் ஓரத்தில் வைத்து, அது ஒட்டிக்கொள்ளும்வரை விரலை எடுக்காமல் வைத்திருந்தார். ஓர் அலை வந்து உடைந்தது. சாரல் அவர் முதுகை நனைத்தது. நத்தைகள் கதவைத் திறந்தன.

வலை காயப்போட வந்த ஒரு பெரியவர் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"எந்த ஊருங்கய்யா?"

"ஓசூரு பக்கங்க. சூளகிரி."

"அங்கிட்டு ஏது கடலு? இது எங்க கெடச்சுச்சு?"

அப்பா கடைசி நத்தையை வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"இங்க இருந்து வந்ததுதாங்க. கொஞ்ச நாளு எங்க வூட்ல இருந்துது" என்றார். "புள்ள பெத்து நல்லா இருக்குது. கொண்டாந்து விட்டுட்டுப் போலாம்னு வந்தோம்."